ஹெப்சிபா பாடாத வரி

தூங்குத மாதிரி நடிக்காதிய அண்ணாச்சி. கண்ணை நல்லாத்தான் மூடியிருக்கிய, கொறை சொல்ல மாட்டேன். மூச்சுதான் காட்டிக் குடுக்கு. தூங்குதவன் மூச்சு உள்ள போம்போது ஒரு முடிச்சு விழும், வெளிய வரும்போது உதடு லேசா 'ப்பூ'ங்கும். உங்க மூச்சு, 'இவன் எப்படா வாயை மூடுவான்'னுல்லா வருது. பாத்தியளா, சிரிச்சிட்டிய. இனிமே தூங்க முடியாது.

தொழிலு அது. மிமிக்ரி கொம்பையா. கேள்விப்பட்டதில்லையா? சரி, போவட்டும். ஆட்டோல ஸ்பீக்கரைக் கட்டிட்டுத் தெருத்தெருவாப் போவானே, "வாருங்கள்... வாருங்கள்... ஆடி மாதம் என்றாலே..." அது யாரு குரல்னு நெனச்சிய? நாந்தான். "அக்கா, இவ்வளவு அவசரமா எங்கே போறீங்க?" "தெரியாதா? பட்டு எடுக்கத்தான்!" ரெண்டு அக்காவும் நாந்தான். நடுவுல ஒரு கைப்பிள்ளை அழும். அதுவும் நாந்தான்.

டிக்கெட்டு தூத்துக்குடி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். ஒரு பிள்ளையைக் கையோட கூட்டிட்டு சாயந்தரத்துக்குள்ள பாளையங்கோட்டை வந்து சேரணும். அவ வரலேன்னா என் கதை முடிஞ்சுது. சே சே, ஏன் அப்படி நகண்டு உக்காருதிய? நீங்க நெனைக்க மாதிரி இல்ல. எனக்குக் கல்யாண வயசுல மக இருக்கா. இந்தப் பிள்ளை பாட்டுக்காரி. எங்க பேண்டுல புதுசா வந்த பாட்டுக்காரி. இன்னைக்குச் சாயந்தரம் எங்க புது ஆல்பம் வெளியீடு. மேடை போட்டாச்சு, லைட்டு கட்டியாச்சு, போஸ்டர்ல அவ மூஞ்சிதான் பெருசு. என் மூஞ்சி கீழ ஓரத்துல, அச்சகத்துக்காரன் பேருக்குப் பக்கத்துல. அந்தப் பெரிய மூஞ்சிதான் வர மாட்டேன்னு தூத்துக்குடில உக்காந்துருக்கு.

கல்யாணக் கச்சேரின்னு நெனச்சிராதிய. இது மெட்டல். கிட்டார் ரெண்டும் மாவு மில்லு ஓடுத மாதிரி ஓடும். டிரம்ஸு, சரக்கு ரயில் பாலத்துல போற மாதிரி. அது மேல நூறு வயலின், கிறிஸ்மஸுக்குக் கோயில்ல பாடுத மாதிரி கொயரு, எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. அதுக்கும் மேல ஒரு பொம்பளைப்பிள்ளை வானத்துல நின்னு பாடுவா. எல்லாத்துக்கும் அடியில ஒருத்தன் பாதாளத்துல நின்னு உறுமுவான். பாதாளம் நாந்தான்.

பேரு 'கோடையிடி'. தலைவன் ராபின்சன். கிட்டாரு அவந்தான், பாட்டு எழுதுததும் அவந்தான். வீட்டுத் தொழில் மெத்தைக் கடை. பஞ்சு கோடவுன்தான் எங்க ஸ்டூடியோ. உலகத்துல எந்த ஸ்டூடியோவும் அது கிட்ட நிக்க முடியாது அண்ணாச்சி. சுத்தி இலவம்பஞ்சு மூட்டை. உள்ள எவனைக் கொன்னாலும் வெளிய தெரியாது. பாடி முடிச்சு வெளிய வந்தா எல்லாவனும் நரைச்ச கிழவன் மாதிரி நிப்போம்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நான் புலி செஞ்சிட்டு இறங்குதேன், இவன் வந்து கையைப் புடிச்சான். ராபின்சன் எப்படிப் பேசுவான்னா... கொஞ்சம் காதைக் குடுங்க... "கொம்பை... அந்தப் புலியை... நிறுத்தாம நாலு நிமிசம்... செய்ய முடியுமாப்பா..." காதுக்குள்ள ஜெபம் பண்ணுவான். இவனா மேடைல அந்த இடி இடிக்கான்னு தோணும். அன்னைக்குப் புடிச்ச கை. நானும் விடலை.

ஏன் விடலைன்னு கேளுங்க. என்னைப் பாத்தா எல்லாரும் சிரிப்பாவ. ரேசன் கடைல சிரிப்பாவ, பேங்குல சிரிப்பாவ. எங்கப்பா செத்த அன்னைக்கு, பாடை கட்டிட்டு இருக்கு, ஒரு மாமா வந்து, "ஏ கொம்பையா, அழுது அழுது எல்லாரும் ஓஞ்சிட்டாவ, ஒரு ஐட்டம் செய்யேன்"ன்னாவ. செஞ்சேன். எங்கப்பா இருமல். பந்தல் மொத்தமும் சிரிச்சுது. எங்கம்மா மட்டும் உள்ள இருந்து, "என்னங்க?"ன்னு ஓடி வந்துட்டா.

சரி அத விடுங்க. உறுமும்போது மட்டும் எவனும் சிரிக்க மாட்டான். கீழ நிக்கிற பயலுவ தலையை விரிச்சுப் போட்டு ஆடுவானுவ. அந்த நாலு நிமிசத்துக்காவ நான் மிச்ச நாளெல்லாம் ரெண்டு அக்காவாவும் இருக்கேன்.

மொத ஆல்பத்துல பாடுனது பியூலா. அவ குரலு ஊசி. மேல போனா கோடவுன் டியூப்லைட்டு கண் சிமிட்டும். கல்யாணமாயி நியூசிலாந்து போயிட்டா. அவ போனது என்னாலன்னு டிரம்ஸ்காரப் பய சொல்லுவான். நான் மேடைல அவள மாதிரி ஐட்டம் செஞ்சேனாம், கூட்டம் சிரிச்சுதாம், அதுல அவ மனசு ஒடஞ்சிட்டாம். பொறாமைல பேசுதான். நான் ஒருத்தரைச் செஞ்சா அது மரியாதை அண்ணாச்சி. சின்ன ஆளை நான் செய்யுததே இல்ல.

அதுக்கப்புறம் வந்தவதான் இந்த ஹெப்சிபா. சொந்த ஊரு நாசரேத்து. தூத்துக்குடில ஒரு ஆஸ்பத்திரில நர்சு. மொத நாளு கோடவுனுக்கு வந்து, மூட்டை மேல ஒடுங்கி உக்காந்து, ஒரு பாட்டு பாடுனா. எப்படி இருந்துச்சுன்னா, கிணத்துக்குள்ள ஒரு விளக்கை மெல்ல இறக்குத மாதிரி. கீழ, கீழ, இன்னும் கீழ. ராபின்சன் அழுதுட்டான். நான், "நல்லாருக்கு தாயி, இப்ப மேல ஒண்ணு பாடு"ன்னேன்.

"மேல போ மாட்டேன்ணே"ன்னா. "என் குரலு கீழதான். எங்கம்மா சின்னதுல இருந்தே மேல போ, மேல போன்னு வெரட்டி, ஒரு ஈஸ்டருக்கு கோயில்ல நிறுத்தி, அங்க வச்சு உடஞ்சு போச்சு. மொத்த சபையும் கேட்டுச்சு. அதோட மேல போற சோலியே வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவ அம்மாவைச் சொல்லணும். சொர்ணபாய் டீச்சர். நாசரேத்துல கோயில் கொயர்ல பொம்பளைகளுக்கெல்லாம் பாட்டு சொல்லிக் குடுக்குதவ. சாதாரணக் காது இல்ல. முப்பது பொம்பளை சேந்து பாடும்போது மூணாவது வரிசைல எவ வாயை மட்டும் அசைக்கான்னு கண்டுபுடிச்சிரும். அந்தக் காதுக்கு மகளோட கீழ்க்குரலு மட்டும் கேக்கவே செய்யாது. "ஆம்பளைத் தொண்டை"ம்பாவளாம்.

புது ஆல்பம் பாடி முடிச்சாச்சு. கடல் எடுத்துட்டுப் போன ஒரு ஊரைப் பத்துன கதை. கடைசிப் பாட்டுல ஊரே போயிட்டு, ஒருத்தி மட்டும் கரைல நிக்கா. கடைசி வரி, 'கடலே, என் வாசலைத் திற.' அதை அவ கீழயே பாடுனா. கோவம் கூட இல்ல. சாத்துன கதவுகிட்ட வந்து, உள்ள யாரோ தூங்குதாவங்கிற மாதிரிக் கூப்பிட்டா. ராபின்சன், "இதுதான்டா"ன்னான்.

அந்த வாரம் ஒரு பாட்டை மட்டும் இன்டர்நெட்டுல விட்டோம். அதுக்குக் கீழ கமெண்டு எழுதுதான் பாருங்க ஒவ்வொருத்தனும். 'பியூலா எங்க?' 'புதுப் பிள்ளை பாடுதாளா, கொட்டாவி விடுதாளா?' 'இடி போயி வெறும் மேகமூட்டம்.' ராபின்சன் எல்லாத்தையும் படிச்சான். படிச்சிட்டுக் கடைசி வரியைத் திரும்பப் போட்டுக் கேட்டான். "இதுதானாடா?"ன்னான்.

நான் சொன்னேன், "மைக்கைப் போடு."

"என்ன செய்யப் போற?"

"ஹெப்சி மேல போனா எப்படி இருக்கும்னு காட்டுதேன்."

"அவதான் போ மாட்டேங்காளே."

"அவ போ மாட்டா. அவ குரலு போவும்."

இதுல உள்ள வித்தை உங்களுக்குப் புரியணும் அண்ணாச்சி. இருக்கத எவனும் செய்வான். புலி இருக்கு, செய்யலாம். கண்டக்டர் விசிலு இருக்கு, இந்தா, 'ப்ர்ர்ரீஈ...'

அய்யய்யோ. பிரேக் போட்டுட்டான்.

இல்ல சார், நான் இல்ல. சன்னலுக்கு வெளிய ஏதோ குருவி. சார், வல்லநாட்டுக் குருவி அப்படித்தான் சார் கத்தும். சரி சார். சரி சார். இனிமே கத்தாது. நீங்க ரெண்டு விசில் குடுங்க, வண்டி போவட்டும்.

மூஞ்சியைப் பாத்தியளா? இதுக்குக் கூடச் சிரிக்கானுவ, பின்னாடி.

எங்க விட்டேன்? ஆங். இருக்கத எவனும் செய்வான். நான் இல்லாத ஒண்ணைச் செஞ்சேன். ஹெப்சிக்கு மேல்க்குரலே கிடையாது. இருந்தா எப்படி இருக்கும்? அவ பாடுமுன்ன மூச்சு எடுக்கும்போது ஒரு சின்ன பயம் வரும், அதை எடுத்துக்கிட்டேன். அவ 'ல' சொன்னா நாக்கு ஒரு நொடி கூட ஒட்டி நிக்கும், அதை எடுத்துக்கிட்டேன். பியூலாகிட்ட இருந்து உயரத்தை மட்டும் எடுத்தேன். மொதல்ல இருமல் வந்துச்சு. அப்புறம் பஞ்சு மூக்குல ஏறித் தும்மல். அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க... 'திற'ன்னு மேல போனேன். போய் நின்னேன். அங்க எனக்கு வயசு இல்ல, தொந்தி இல்ல. கீழ பாத்தா கோடவுன்ல ஒரு மீசைக்காரன் வாயைத் தொறந்துட்டு நிக்கான். அவன் யாரோ.

ராபின்சன் எந்திச்சுப் போய் கதவைச் சாத்துனான். அந்தக் கோடவுன்ல கதவைச் சாத்தி என்ன, சாத்தாட்டி என்ன, சத்தம் வெளிய போவாது. இருந்தாலும் சாத்துனான். "அவ வரியை எடுத்துட்டு இதைத்தான் வைக்கப் போறேன், யார்ட்டயும் சொல்லாத"ன்னான். "ஹெப்சிட்ட?"ன்னேன். "ம்"ன்னான். அந்த 'ம்'முக்கு, அவன் சொல்லுவான்னு நான் நெனச்சிட்டேன். நான் சொல்லுவேன்னு அவன் நெனச்சிருக்கான்.

எங்க பேண்டுல ஒரு வழக்கம். ஆல்பத்தை ஊருக்கு விடுமுன்ன, வீட்டாளுகளைக் கூப்பிட்டு, கோடவுன்ல புது மெத்தையா விரிச்சு, ஜெபம் பண்ணிட்டு மொத்தத்தையும் ஒரு தடவை போட்டுக் கேப்போம். ராபின்சன் தாத்தா மெத்தை விக்கும்போதும் ஜெபம் பண்ணித்தான் குடுப்பாராம், நல்லாத் தூங்கணும்னு. அதே மாதிரி இது. போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வந்தாவ. சொர்ணபாய் டீச்சரும் வந்தாவ. இத்தனை நாளு 'அந்தப் பேய்ப்பாட்டு கேக்க இடத்துக்கு நான் வர மாட்டேன்'னவ. கைப்பையையும் பைபிளையும் மடில வச்சுட்டு, மெத்தை நுனில, பஸ்சுக்கு நிக்கிற மாதிரி உக்காந்துருக்காவ. நான் உறுமும்போதெல்லாம் பைபிளை இறுக்கிப் புடிக்காவ.

கடைசிப் பாட்டு வந்துச்சு. கடைசி வரி வந்துச்சு. 'கடலே... என் வாசலைத்...'

டீச்சர் எந்திச்சு நின்னுட்டாவ. பைபிள் மெத்தைல விழுந்துட்டு. அது முடியுத வரைக்கும் நின்னாவ. முடிஞ்சதும் மக கையை ரெண்டு கையாலயும் புடிச்சு, "இதுக்குத்தாம்ளா உன்னைப் பெத்தேன்"ன்னு ஓன்னு அழுதாவ. என்ன அழுகை அண்ணாச்சி. முப்பது பொம்பளைல வாயசைக்கவளைக் கண்டுபுடிக்கிற காது! பெத்த காது! அந்தக் காதை நான் ஏமாத்... அந்தக் காதை நான் ஜெயிச்சேன். தமிழ்நாட்டுல எந்த மிமிக்ரிக்காரனுக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் உண்டு?

ஹெப்சி அவ அம்மாவைப் பாக்கலை. நேரா என்னைப் பாத்தா. நான் கண்ணடிச்சேன்.

என்ன தப்பு? ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குக் கண்ணடிக்கக் கூடாதா?

வெளிய வாசல்ல செருப்பு மாட்டும்போது சொன்னா, "கொம்பையாண்ணே, நீங்களே எங்கம்மாட்ட சொல்லிருங்க." அவ்வளவுதான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. தலைல இருந்த பஞ்சைக் கூடத் தட்டாம பஸ் ஏறிப் போயிட்டா. அப்புறம் யாரு கூப்பிட்டாலும் போனை எடுக்கலை. அவ அம்மா கூப்பிட்டாலும் எடுக்கலை.

இந்த டீச்சர் சும்மா இருந்துருக்கலாம். ராபின்சன்ட்ட அந்த ஒரு வரியை மட்டும் வாங்கி போன்ல ரிங்டோனா வச்சிட்டாவ. பால்காரன் கூப்பிட்டா, 'கடலே என் வாசலைத் திற.' புதன்கிழமை ஜெபக் கூட்டத்துல பிரசங்கத்துக்கு நடுவுல அடிச்சு, சர்ச்சு ஐயரே நிறுத்திட்டு, "நல்லாருக்கே, யாரு?"ன்னு கேட்டாராம். கிறிஸ்மஸுக்குக் கோயில்ல மக தனியாப் பாடுதான்னு ஊரெல்லாம் சொல்லி முடிச்சாச்சு.

நானும் மெசேஜ் மேல மெசேஜ் போட்டேன் அண்ணாச்சி. 'தாயி, வந்துரு, அண்ணன் மேல கோவம்னா நாலு அடி அடிச்சிட்டுப் போ.' அவ பதிலு: 'அம்மாட்ட சொல்லியாச்சா?' நான், 'பேண்டே உன்னை நம்பித்தான் இருக்கு.' அவ, 'அம்மாட்ட சொல்லியாச்சா?' ராபின்சன் குரல்ல ஒண்ணு பேசி அனுப்புனேன். அதே பதிலு. கடைசியா அவ அம்மா குரல்லயே ஒண்ணு அனுப்புனேன், "ஏளா ஹெப்சி, அந்த அண்ணன் பாவம்ளா, போய்ப் பாடுளா"ன்னு. அச்சு அசலா வந்துருந்துச்சு. அதுக்கப்புறந்தான் என் நம்பரையே அடச்சிட்டா. என்ன வேணும் இந்தப் பிள்ளைக்கு? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?

என்ன சொன்னிய?

'அம்மாட்ட சொல்லிர வேண்டியதான'வா? நீங்களும் அதையே சொல்லுதிய. எல்லாருக்கும் அது லேசா இருக்கு. அந்தம்மாவுக்கு பிரசர் இருக்கு அண்ணாச்சி. மாத்திரை திங்காவ. ரிங்டோன் வச்சிருக்காவ. அத்தனை சந்தோசத்துல போய் நான் எப்படி... சரி, பிரசர் லேசாத்தான் இருக்கு. இருந்தாலும்.

இருங்க, ராபின்சன் கூப்பிடுதான். சொல்லு ராபின்சா. வாகைக்குளம் தாண்டிட்டோம். கூட்டியாந்துருவேன்டா. ஆமா. ஆமாடா. நான் என்னைக்குச் சொன்ன சொல்லு... என்னது? யாரு வாரா? வேன்லயா? எப்பக் கெளம்புனாவ? எதுக்குடா அவங்களை... சரி. சரி. தெரியும். வை.

செத்தேன் அண்ணாச்சி.

டீச்சர் வாராவளாம். தனியா இல்ல. நாசரேத்துல இருந்து கோயில் பெண்கள் ஐக்கியம் மொத்தமும் வேன் புடிச்சு வருதாம். முன்வரிசை வேணும்னு சொல்லிருக்காவ. எதுக்கு? அந்த ஒரு வரியை நேர்ல கேக்க. இப்ப நான் தூத்துக்குடி போயி, கால்ல விழுந்து, அவளைக் கூட்டிட்டே வந்துட்டேன்னு வைங்க. மேடைல ஏறி அந்த வரிக்கு அவ என்ன செய்வா? கீழ பாடுனா, அம்மா முகத்தைப் பாக்கணும். மேல போனா, மறுபடி அந்த ஈஸ்டரு. வாயை மட்டும் அசைச்சா, மூணாவது வரிசைல கண்டுபுடிக்கவ மொத வரிசைல இருப்பாவ.

இது எனக்கு இப்பத்தான் உறைக்கு. நான் அவளைக் கூட்டியாரத்தான் போறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். எதுக்குக் கூட்டியாரேன்னு நெனைக்கலை.

ராபின்சன் சொல்லிட்டான், இன்னைக்கு மேடை நடக்கலேன்னா கிட்டாரைக் கழட்டி மாட்டிட்டு மெத்தைக் கடைல உக்காந்துருவானாம். அவனுக்கென்ன, மெத்தை இருக்கு. எனக்கு? பேண்டு போச்சுன்னா மறுபடி முழுநேரமும் ரெண்டு அக்காதான். கைப்பிள்ளைதான்.

என்ன அப்படிப் பாக்கிய? சொல்லிருங்கிறிய. தெரியுது.

ஒண்ணு சொல்லட்டுமா? பிரசர் இல்ல. பிரசர்னு சொன்னது சும்மா. நான் இத்தனை வருசமா வாய வச்சுப் பொழைக்கேன். நான் வாயத் தொறந்து ஒரு ஆளு அழுதது இல்ல. அன்னைக்குத்தான். அந்தம்மா நின்ன நிப்பு. அந்த அழுகை என்னோடது அண்ணாச்சி. அவங்க மக பேர்ல வந்தாலும் என் வீட்டுக்கு வந்த தபால்தான் அது. இப்பப் போயி, 'டீச்சரம்மா, அது நான்'னு சொன்னா என்ன ஆவும் தெரியுமா? சிரிப்பாவ. இந்த மூஞ்சியை நெனச்சுப் பாத்துட்டுச் சிரிப்பாவ. திட்டுனாத் தாங்கிக்கிடுவேன். செருப்பால அடிச்சாத் தாங்கிக்கிடுவேன். அந்த ஒரு அழுகையும் சிரிப்பா மாறிட்டுன்னா, அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு சொல்லுங்க?

...

நீங்க பாட்டுக்கு வெளிய பாக்கிய. இதுக்கு நீங்க தூங்குத மாதிரி நடிச்சதே தேவலை.

சரி. போடுதேன். போட்டுத் தொலைக்கேன். இந்தா, டீச்சர் நம்பரு.

ஹலோ. டீச்சரம்மா, கொம்பையா பேசுதேன். கொம்பையா. உறுமுதவன். இல்லம்மா, இப்ப உறுமலை. எங்க வந்துட்டிய? செய்துங்கநல்லூரா. சரி. நல்லது. டீச்சர், ஒரு விசயம். கொஞ்சம் தனியா... வேன்ல எங்க தனியா, சரி. அந்தக் கடைசி வரி இருக்குல்லா. ஆமா, உங்க ரிங்டோனு. அது ஹெப்சிபா பாடலை டீச்சர். நான் பாடுனேன். நான்தான். கொம்பையா.

சிரிக்காவ அண்ணாச்சி.

இல்ல டீச்சர், ஐட்டம் இல்ல. நெசமாத்தான். ஸ்பீக்கர்ல எதுக்குப் போடுதிய, வேண்டாம், டீச்சர், வேண்டாம்... எல்லாருக்கும் ஸ்தோத்திரம்மா. ஆமா, ஆடித் தள்ளுபடி நாந்தான். ஆமா, ரெண்டு அக்காவும். அதத்தாம்மா சொல்லுதேன், அந்த வரியும் நாந்தான் பாடுனேன்.

கேக்குதா? வேன் மொத்தமும். அந்தா, ஒரு அம்மாவுக்கு இருமலே வந்துட்டு. 'கொம்பையா தம்பி இருந்தா நேரம் போறதே தெரியாது'ங்காவ.

டீச்சர். டீச்சரம்மா. ஒரு நிமிசம் சிரிக்காம இருங்க. கேளுங்க. அண்ணாச்சி, அந்தச் சன்னலைச் சாத்துங்க, காத்தடிக்கு. டீச்சர், கேளுங்க...

'கடலே... என் வாசலைத்... திற...'

...

என்னய்யா எல்லாரும் திரும்பிப் பாக்கிய? முன்னால பாருங்க. படம் புடிக்காதம்மா, போனை உள்ள வை. டிரைவர் அண்ணே, நீங்க ரோட்டைப் பாருங்க.

டீச்சர்? இருக்கியளா? சிரிப்பு நின்னுட்டு அண்ணாச்சி. டீச்சர்? சொல்லுங்கம்மா. நம்புதியளா இப்ப?

...என்னது?

இல்ல. இல்ல டீச்சர். அவ இங்க இல்ல. பக்கத்துல இல்லம்மா. நாந்தான். டீச்சர், நான் சொல்லுதத...

ஹெப்சி என் பக்கத்துல உக்காந்துருக்கான்னு நெனைக்காவ. ஸ்பீக்கரை அமத்திட்டாவ. மககிட்டப் பேசுதாவ. என்கிட்ட இல்ல, அவகிட்ட. "ஏளா ஹெப்சி, நீ அங்கதான் இருக்க, அம்மாவுக்குத் தெரியும்"ங்காவ. டீச்சர்... "எத்தனை தடவை கூப்பிட்டேன், ஒரு தடவை எடுக்கப்படாதாளா"ங்காவ. "நான் வெரட்டுனதெல்லாம் தப்புன்னே வச்சிக்கோ, கீழ பாடு, மேல பாடு, பாடாம வேணாலும் இரு, அம்மாட்டப் பேசாம மட்டும் இருக்காத"ங்காவ. அழுதாவ அண்ணாச்சி. மறுபடியும் அழுதாவ.

டீச்சர், நான் கொம்பையா. கொம்பையாதாம்மா. கேக்கவே மாட்டேங்காவ.

"ஒரே ஒரு தடவை அம்மான்னு சொல்லு, நான் போனை வச்சிருதேன்"ங்காவ.

அது வந்து நிக்கி அண்ணாச்சி. இந்தா, தொண்டைல. அவ எப்படிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும், அந்த 'ம்'முல லேசா இழுப்பா. ஒரே சொல்லு. சொன்னா அந்தம்மா நிம்மதியா வச்சிரும். சாயந்தரம் முன்வரிசைல வந்து சிரிச்ச முகமா உக்காரும். வாயத் தொறந்தா வந்துரும். நான் வாயத் தொறக்கவே பயமா இருக்கு.

இந்தாங்க. புடிங்க. நீங்க பேசுங்க. நான் என்ன பேசுனாலும் வேற யாரோதான் பேசுத மாதிரி கேக்கு அந்தம்மாவுக்கு. பக்கத்துல பொம்பளைப்பிள்ளை யாரும் இல்ல, ஒரு மீசைக்காரன்தான் உக்காந்துருக்கான், அவந்தான் இப்பப் பாடுனான், நான் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. பாக்க எப்படி இருக்கான்னு கேட்டா, உள்ளதச் சொல்லுங்க. உங்களை அந்தம்மாவுக்கு யாருன்னே தெரியாது. அதான் வேணும். நீங்க சொன்னா நம்புவாவ.

புடிங்க அண்ணாச்சி. லைன்ல இருக்காவ.